எங்கேர்ந்து ஐம்பது மீட்டர்

சர்வேயர் வைத்திலிங்கம் நாடாவின் முனையை அமராவதியின் கையில் கொடுத்து, வீட்டின் பின்சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை எடுத்துக்கொண்டு உப்பங்கழியை நோக்கி நடந்தார். முப்பது மீட்டரில் நாடா தீர்ந்தது. அங்கே ஒரு குச்சியை ஊன்றி, அவளை அந்தக் குச்சிக்கு வரச் சொல்லிவிட்டு மறுபடி நடந்தார். படகு வாய்க்காலின் கரையில் இடுப்பளவு உயரத்தில் நின்ற முதல் செடியைத் தொட்டதும் குனிந்து எண்ணைப் படித்தார்.

“நாப்பத்தாறும்மா.”

“அது நல்லதா சார்?”

“அம்பது இருக்கணும்.”

2012ஆம் வருஷம், மாசி மாதம். தானே புயல் அவள் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு மாதம்கூட முடியவில்லை. மண்சுவருக்கு மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டி, அதற்குள்தான் அவளும் கணவன் கலியபெருமாளும் மகள் தமிழினியும் இருந்தார்கள். புயலில் குடிசை போனவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டித் தரப் போட்ட பட்டியலில் அமராவதியின் பெயர் நான்காவதாக வந்திருந்தது. அளந்து, படம் போட்டு, கையெழுத்தானால் அஸ்திவாரம் தோண்டலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். செடிக்கும் வீட்டுக்கும் நடுவே அளப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

“அலையாத்திக் காடு எங்க முடியுதோ, அங்கேர்ந்து அம்பது மீட்டருக்குப் புதுசா எதுவும் கட்டக்கூடாதும்மா. காட்டுக்கும் தண்ணிக்கும் காவலா அந்த எடத்த அப்படியே வுட்டுடணும். போன வருஷம் வந்த ரூலு” என்றார் வைத்திலிங்கம்.

“இது காடு இல்லியே சார். எங்க ஆண்டி அண்ணன் நட்ட செடி.”

“யாரு நட்டா என்னா? செடி அலையாத்திதானே?”

இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த ஊரில் அலையாத்தி எது, மற்றது எது என்று எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

கீழக்கழி என்கிற அந்த ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருக்கிற நாற்பது வீட்டுக் குப்பம். சுனாமி வந்த மறுவருஷம் செம்பியன் என்ற இளைஞர் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தார். கழியோரத்தில் மரம் அடர்ந்திருந்த இடங்களில் அலையின் வேகம் குறைந்ததைப் பார்த்துவிட்டு, வெறும் சேறாகக் கிடந்த இடங்களிலும் அதே மரங்களை நடுவதற்கு ஆள் தேடினார். அதுவரை ஊரில் சுரபுன்னை என்றும் கண்டல் என்றும் சொல்லிவந்த மரங்களை அவர் மொத்தமாக அலையாத்தி என்றார். அமராவதி முதலில் கூலிக்குத்தான் போனாள். முழங்கால் சேற்றில் நின்று, முருங்கைக்காய் போல நீண்ட காய்களை ஒவ்வொன்றாகக் குத்தி நட்டாள். ஓதம் ஏறினால் எந்த வரிசைக்குத் தண்ணீர் வரும், எது காயும் என்பது செம்பியனைவிட அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. ஊரில் அலையாத்தி மன்றம் என்று ஒன்று ஏற்பட்டபோது, எட்டாவது வரை படித்திருந்த அவளையே செயலாளராக்கினார்கள். தீர்மான நோட்டு அவள் வீட்டுக்கு வந்தது.

2008 கார்த்திகையில் விடாத மழை. ஆடுகளுக்குத் தழை இல்லாமல், கலியபெருமாளின் தங்கை புருஷன் ஆண்டி, மன்றம் வளர்த்த மரங்களில் பத்துப் பதினைந்து கிளைகளை வெட்டிப் போட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் அது விசாரணைக்கு வந்தது. அபராதம் வேண்டாம், செடி நடட்டும் என்று முடிவானது. இருபது கன்று. எங்கே நடுவது என்று ஆண்டி கேட்டபோது அமராவதிதான் இடம் காட்டினாள். கலியபெருமாள் தன் படகை வீட்டுப் பக்கம் இழுத்துவர ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தான். அதன் கரை சரிந்துகொண்டே வந்தது. அங்கே நட்டால் கரையும் நிற்கும், அவள் கண் பார்வையிலும் இருக்கும்.

ஆண்டி நட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. இருபதில் பதினொன்று பிழைத்தன. அந்தப் பதினொன்றில் ஒன்றைத்தான் சர்வேயர் தொட்டு நின்றார்.

“நாலு மீட்டர்தானே? வூட்ட முன்னாடி தள்ளிக் கட்டிக்கிறோம்” என்றான் கலியபெருமாள்.

வைத்திலிங்கம் முன்பக்கம் வந்து பார்த்தார். முன்சுவரிலிருந்து தெருவுக்கு ஒரு முழம்தான் இருந்தது. வீட்டின் அளவைக் குறைக்கலாமா என்றால், திட்டத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு, குறைத்தால் அது கணக்கில் வராது என்றார். நல்ல மனுஷர். நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாடாவைச் சுருட்டினார்.

“இன்னிக்கு நான் எதையும் எழுதலம்மா. வி.ஏ.ஓ.வும் கூட இருக்கணும். அடுத்த வாரம் வந்து அளந்து எழுதறேன்.”

அவர் போன பிறகு கலியபெருமாள் வாய்க்கால் கரையில் வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து, “அந்தச் செடி இல்லாட்டி அடுத்த மரம் எங்க இருக்கு?” என்று கேட்டான்.

“எனக்குத் தெரியாது.”

அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரிந்தது.

தமிழினி சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். அம்மா கேட்டதும், அந்த விதியைத் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். கட்டாக இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள், விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தாள்.

“அம்பது மீட்டர்னு இருக்கும்மா. ஆனா வேற எடத்துல நூறு மீட்டர்னும் இருக்கு. அது கழிக்குப் போல. இன்னொரு எடத்துல, அங்கியே இருக்கிற சனங்க வூட்டுக்கு வேறன்னு இருக்கு.”

“வேறன்னா?”

“தெரியல. அதுக்கு மேல எனக்குப் புரியல.”

“நட்ட மரத்துக்கும் தானா மொளச்ச மரத்துக்கும் வித்தியாசம் போட்டிருக்கா பாரு.”

தமிழினி முன்னும் பின்னும் புரட்டினாள். “அப்படி ஒண்ணும் காணோமே.”

ஐந்தாம் நாள் காலையில் அமராவதி பாத்திரம் கழுவப் பின்பக்கம் வந்தபோது வாய்க்கால் கரை ஏதோ மாதிரி இருந்தது. முதலில் என்னவென்று விளங்கவில்லை. அப்புறம்தான் பார்த்தாள், செடிகள் இல்லை. பதினோரு குழிகள், எல்லாவற்றிலும் தண்ணீர் ஊறி நின்றது. பிடுங்கிய செடிகள் வேரும் சேறுமாக ஒரு குவியலாகக் கிடந்தன. ஆண்டியின் ஆடுகள் அதில் தழையைக் கடித்துக்கொண்டிருந்தன. ஆண்டி மண்வெட்டியை வாய்க்காலில் அலசிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே இது?”

“உனக்காவத்தான் தங்கச்சி. இப்ப வந்து அளக்கச் சொல்லு.”

“உன்னை யாரு செய்யச் சொன்னா?”

“யாரு சொல்லணும்? என் மச்சான் தார்ப்பாயில கெடக்கறத நான் பாத்துக்கினு இருக்கணுமா?”

அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவளுக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எறியவும் தோன்றியது. கழுவாத பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஆண்டி செய்தது உதவியா? நாற்பத்தாறு இனி நாற்பத்தாறு இல்லை. உபத்திரவமா? மன்றத்துச் செயலாளர் தன் வீட்டுக்காகச் செடியைப் பிடுங்கச் செய்தாள் என்று யாராவது ஒரு மனு எழுதிப் போட்டால் பட்டியலிலிருந்து பெயரே போகும். போனால் அந்த இடம் யாருக்கு? பட்டியலில் இடமில்லாமல் காத்திருப்பவர் வரிசையில் முதல் பெயர் ஆண்டியுடையது. இதை நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆண்டியின் பெண்சாதி சின்னம்மாள் புயலன்று இவர்களுக்குச் சோறு போட்டவள். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

கலியபெருமாளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. “மச்சான் நல்லதுதான் செஞ்சிருக்காரு. நீ வாயத் தொறக்காத, அது போதும்” என்றான்.

வைத்திலிங்கம் சொன்னபடி வந்தார். வி.ஏ.ஓ.வும் வந்தார். நாடா பின்சுவரிலிருந்து குச்சிக்குப் போனது, குச்சியிலிருந்து வாய்க்காலுக்குப் போனது. அங்கே செடியைக் காணோம். வைத்திலிங்கம் நின்று குழிகளைப் பார்த்தார். பிறகு இன்னும் தள்ளிப் போனார். வாய்க்கால் கழியில் சேரும் இடத்தில் ஒரு மரம் இருந்தது.

“அறுவத்தி மூணு” என்றார் வி.ஏ.ஓ.விடம். வி.ஏ.ஓ. குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.

“சார், முந்தாநாள் வரைக்கும் இங்க பதினோரு செடி இருந்திச்சு” என்றாள் அமராவதி.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதே அவளுக்குத் தெரிந்தது. கலியபெருமாள் தலையில் அடித்துக்கொண்டான். ஏன் சொன்னாள் என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். நேர்மை என்று தமிழினி தன் சிநேகிதிகளிடம் சொன்னாள். அமராவதிக்கு அது நேர்மையா, பயமா, ஆண்டியின் மேலிருந்த சந்தேகமா என்று கடைசிவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வி.ஏ.ஓ. பேனாவை மூடினார். “வைத்திலிங்கம், என்னா பண்றது இப்ப?”

“அதான் சார் யோசிக்கிறேன். இருக்கிற மரத்துலேர்ந்து அளக்கச் சொல்லித்தான் ரூலு. இல்லாத மரத்துலேர்ந்து எப்படி அளக்கறது? ஆனா இருந்த மரத்தப் புடுங்கிட்டா ரூலு போயிடுமா? அப்படின்னா எல்லாரும் புடுங்கிடுவாங்க.”

கடைசியில் வைத்திலிங்கம் இரண்டு எண்ணையும் எழுதினார். நாற்பத்தாறு, செடி இருந்தபோது. அறுபத்து மூன்று, இப்போது. முடிவு மேலிடம் சொல்லட்டும் என்று கோப்பைக் கடலூருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டம். கன்று பிடுங்கப்பட்ட விஷயத்தை எடுக்காமல் இருக்க முடியாது. அமராவதியே நோட்டைத் திறந்து, ‘படகு வாய்க்கால் கரையில் இருந்த பதினோரு கன்றுகள் பிடுங்கப்பட்டன’ என்று எழுதினாள். பிடுங்கியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

ஆண்டி எழுந்தார். “எழுதேன், ஆண்டின்னு எழுது. நான் நட்டது, நான் புடுங்கினேன். அன்னிக்குத் தண்டனைன்னு நட வச்சீங்க. நட்டது எனக்குச் சொந்தமா, மன்றத்துக்குச் சொந்தமா? அதச் சொல்லுங்க மொதல்ல.”

எதிர்க்கரையில் வீடு இருக்கிற தில்லையம்மாள், “கெளைய வெட்டுனதுக்கு இருவது கன்னு நட வச்சோம். இப்ப வேரோட புடுங்குனதுக்கு?” என்று கேட்டாள். இன்னொருவர், “அமராவதி வூட்டுக்காவத்தானே புடுங்கினாரு, அப்ப அவளும்தான் நடணும்” என்றார். ஒருவர் ஆண்டியை மெச்சினார். பேச்சு வளர்ந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்ததும் கூட்டம் கலைந்தது. தீர்மானம் பாதியில் நின்றது. ஆண்டி போகிற போக்கில் அவளிடம், “உனக்குப் போயி செஞ்சேன் பாரு” என்று மட்டும் சொன்னார். அவருக்கும் அவளுக்கும் மறுபடி பேச்சு நின்றது.

ஒரு மாதம் காத்திருந்து பார்த்துவிட்டு, பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அவளும் கலியபெருமாளும் கடலூருக்குப் போனார்கள். செம்மண்டலத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து, கோப்பு இருக்கிற அலுவலகத்தைக் கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. அங்கே இருந்த அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார். பீரோவிலிருந்து பெரிய வரைபடம் ஒன்றை எடுத்து மேசை மேல் விரித்து, விரலால் கழியைத் தொடர்ந்து வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“இதுதானே உங்க ஊர்? இங்க அலையாத்தியே இல்லியேம்மா. சேத்து நெலம்னு போட்டிருக்கு. காடு இங்க, ரொம்பத் தள்ளி.”

“இருக்கு மேடம். நாங்க நட்டிருக்கோம். ஏழு வருஷமா.”

கலியபெருமாள் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தான்.

“இது அதுக்கு முன்னாடி போட்ட மேப்பு” என்றார் அதிகாரி. “இந்த மேப்புபடி பாத்தா உங்களுக்குத் தடையே கிடையாது.”

“அப்ப கட்டலாமா?”

“அப்படிச் சொல்ல முடியாது. புது மேப்பு இன்னும் வரல. புது ரூலுக்குப் பழைய மேப்ப வச்சிப் பாக்கலாமான்னு நான் கேட்டு எழுதணும்.”

“எங்க மரத்த அதுல சேப்பாங்களா மேடம்?”

“சேப்பாங்கன்னுதான் நெனக்கிறேன்.”

“சேத்தா எங்க வூடு?”

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அதத்தாம்மா கேட்டு எழுதணும்னு சொல்றேன்.”

திரும்பி வருகிற பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டியதும் கலியபெருமாள், “மேப்புலயே இல்லன்னு அவுங்களே சொல்றாங்க. இருக்கு இருக்குன்னு நீ சண்ட போடற. உனக்கு வூடு வேணுமா, வாணாமா?” என்றான்.

“வேணும்.”

“அப்ப?”

“ஏழு வருஷம் சேத்துல நின்னுட்டு, அங்க ஒண்ணுமே இல்லன்னு ஒருத்தர் சொன்னா எப்படிக் கேட்டுக்கினு வர்றது?”

“செடியும் வேணும், வூடும் வேணும்.”

“ஆமா.”

“ரெண்டும் ஒரே எடத்துல வேணும்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது.

சித்திரை போய் வைகாசியும் போனது. தார்ப்பாய் வெயிலில் வெடித்து, இன்னொன்று வாங்கிக் கட்டினார்கள். பட்டியலில் முன்னே இருந்த மூன்று வீடுகளும் தளம் வரை எழும்பிவிட்டன. செடி போன வாய்க்கால் கரை இரண்டு இடத்தில் சரிந்து, படகை இழுக்கவே கலியபெருமாள் திணறினான். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அமராவதிக்கு ஆண்டியின் மேல் கோபம் வரும். தார்ப்பாய்க்குள் நுழைந்ததும் அந்தக் கோபம் செடி மேல் திரும்பும்.

ஆனி மாதக் கடைசியில் தபாலில் ஒரு தாள் வந்தது. தமிழினி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பையைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். நல்லவேளையாகத் தமிழில் இருந்தது. மனுதாரர் பரம்பரையாக அங்கேயே வசிக்கும் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதாலும், ஏற்கெனவே இருந்த குடிசை புயலில் சேதமானதாலும், அதே அடித்தளத்தின் மேல் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ள ஆட்சேபணை இல்லை. கழிப் பக்கமாக ஓர் அடிகூட நீட்டக்கூடாது. அவ்வளவுதான்.

“நாப்பத்தாறப் பத்தி என்னா போட்டிருக்கு?” என்றாள் அமராவதி.

“ஒண்ணும் இல்லம்மா.”

“அறுவத்தி மூணு?”

“அதுவும் இல்ல.”

“மேப்பு?”

“எதுவும் இல்லம்மா. கட்டிக்கலாம்னு இருக்கு, அது போதாதா?”

அமராவதி தாளை வாங்கித் தானும் இரண்டு தரம் படித்தாள். இருந்த வீட்டைத்தானே திரும்பக் கட்டுகிறோம் என்று முதல் நாளே ஒருத்தர் சொல்லியிருந்தால் நாடாவே வேண்டியிருக்காது. செடியும் நின்றிருக்கும். கலியபெருமாள் அதற்குள் தெருவில் இறங்கி, கொத்தனாரைத் தேடிப் போய்விட்டான். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எதனால் கிடைத்தது என்று தெரியாமல் கிடைத்த சந்தோஷம், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போல, எடுத்து வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

வீடு ஐப்பசிக்குள் முடிந்தது. ஆண்டியின் பெயரும் அடுத்த பட்டியலில் வந்துவிட்டது. அவர் இடம் தெருவுக்கு மேற்கே, எந்த மரத்துக்கும் எட்டாத தூரம். அளக்கவே தேவையில்லை என்று வைத்திலிங்கம் சிரித்தாராம். புதுமனை புகுந்த அன்று சின்னம்மாள் விடியற்காலையிலேயே வந்து கூடமாட வேலை செய்தாள். ஆண்டி பந்தி முடிகிற நேரத்துக்கு வந்து, சாப்பிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, “கெட்டியாத்தான் பூசியிருக்கான்” என்று கலியபெருமாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து அமராவதி நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். ஆண்டி ஆட்டுப்பட்டிக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்தத் தீர்மானம் பாதியில நிக்குது.”

“முடிச்சிக்கோ. பேரு எழுதிக்கோ.”

“பேருக்காவ வரல. நீ எனக்காவத்தான் புடுங்கினியா?”

ஆண்டி கயிற்றை இழுத்து முடிந்தார். “அன்னிக்கு அப்படித்தான் நெனச்சிக்கினு போனேன். புடுங்கறப்ப உம்மேல ஆத்திரமாவும் இருந்திச்சு. நட்ட கை இல்ல? எது எவ்ளோன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

அவள் அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். சின்னம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“நானும் உன்னச் சந்தேகப்பட்டேண்ணே. உம் பேரு வரிசையில மொதல்ல இருந்திச்சேன்னு.”

“அது எனக்குத் தெரியும்” என்றார் ஆண்டி. கோபப்படவில்லை. “எத்தினி கன்னு நடணும்?”

“இருவத்திரண்டு. நீ பதினொண்ணு, நான் பதினொண்ணு.”

“எங்க நடறது? எடத்த நீ காட்டு.”

அவள் டீயைக் கீழே வைத்தாள். படகு வாய்க்காலில் நட்டால் கரை நிற்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்குக் கட்டுகிறபோது அவருக்கு இதே தொல்லை. எதிர்க்கரை என்றால் தில்லையம்மாள் வீடு. நடாமல் விட்டால் கழி உள்ளே வரும்.

மறுநாள் ஓதம் வடிகிற நேரத்தில் இருவரும் கழிக்கரையோடு வடக்கே நடந்தார்கள். வீடுகள் முடிந்து, வெறும் சேறு ஆரம்பிக்கிற இடத்தில் நின்று, அங்கிருந்து கடைசி வீட்டின் பின்சுவர் வரை ஆளுக்கொரு தரம் நடந்து, காலால் அளந்து பார்த்தார்கள். ஆண்டியின் கணக்கில் எழுபத்திரண்டு வந்தது. அமராவதியின் கணக்கில் எண்பத்தொன்று.

“எது சரி?” என்றார் ஆண்டி.

“தெரியலண்ணே. ரெண்டும் அம்பதுக்கு ஜாஸ்திதானே?”

“மீட்டரா, காலடியா?”

“காலடி.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இருபது காலடி வடக்கே தள்ளிப் போய், புடவையையும் கைலியையும் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கினார்கள்.